வேல்ஸ் கடற்கரையில் ஒரு வாரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஏதாவது டெக்னிக்கலாப் பேசுப்பா" என்றார் செயலாளர். மாணவர்களோ, "சார், போரடிக்காமப் பேசுங்க" என்கிறார்கள். இரு தரப்புக்கும் பொதுவாக, நான் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போய்வந்த வேல்ஸ் கடற்கரையைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். நம்மில் பலர் பிரிட்டனில் வேலை பார்க்கிறோம். தம்பிகள் சிலர் மேற்படிப்புக்கு அங்கே போகப்போகிறீர்கள். லண்டனை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

முதலில், நடங்கள். நாட்டின் கடலோரம் முழுவதையும் தொட்டுச் செல்லும் 'வேல்ஸ் கடலோரப் பாதை' 2012-இல் திறக்கப்பட்டது. நீளம் 870 மைல், அதாவது 1,400 கிலோமீட்டர். பயப்பட வேண்டாம், டிபன் முடித்துவிட்டு நாலு மைல் நடந்தாலே போதும். ஜூலை மாதமானாலும் மழைக்கோட்டு கையில் இருக்கட்டும்.

சிவில் நண்பர்களுக்கு வடக்கே ஒரு கோயிலே இருக்கிறது. ஆங்கிள்சி தீவை இணைக்க தாமஸ் டெல்ஃபோர்டு கட்டி 1826-இல் திறந்த மெனாய் தொங்கு பாலத்தைத்தான் சொல்கிறேன். நடு இடைவெளி 176 மீட்டர். பாய்மரக் கப்பல்கள் தட்டாமல் போவதற்காகத் தளத்தை நீர்மட்டத்துக்கு மேல் 100 அடி உயரத்தில் வைத்தார். பக்கத்திலேயே ராபர்ட் ஸ்டீஃபன்சனின் பிரிட்டானியா பாலம். 1850-இல் இரும்புக் குழாய்களுக்குள் ரயில் ஓடிய பாலம் அது. 1970-இல் தீப்பிடித்துக் குழாய்கள் பழுதாகிவிட, வளைவுப் பாலமாக மாற்றிவிட்டார்கள். குழாய்ப் பாலம் எப்படி இருக்கும் என்று பார்க்க கான்வி கோட்டைக்குப் போங்கள். அதே ஸ்டீஃபன்சனின் சிறிய பாலம் கோட்டையடியில் அப்படியே நிற்கிறது.

மெக்கானிக்கல்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது! உங்களுக்கு போர்ட்மடோக் துறைமுகத்திலிருந்து மலையேறும் ஃபெஸ்டினியாக் குட்டி ரயில். 1836-இல் திறந்தபோது எஞ்சினே கிடையாது. கற்பலகை ஏற்றிய வண்டிகள் சரிவில் தாமாகவே உருண்டு கடலுக்கு வரும். குதிரைகளும் ஒரு வண்டியில் ஏறிக் கூடவே இறங்கும். காலி வண்டிகளை மேலே இழுப்பதுதான் அவற்றின் வேலை. இறங்கும்போது சவாரி, ஏறும்போது டியூட்டி! 1863-இல் நீராவி எஞ்சின் வந்தது. இன்றும் அதில் 13½ மைல் போகலாம்.

இனி, சிரிப்பை ஒதுக்கிவைத்து ஒரு விஷயம். மெரினாவில் கால் நனைத்து வளர்ந்தவர்கள் நாம். சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டரை ஒட்டித்தான். தெற்கு வேல்ஸில் கார்டிஃப் பக்கம் அது 12 மீட்டருக்கும் மேல் போகும். நாலு மாடிக் கட்டடம் அளவு! பிரிஸ்டல் கால்வாய் புனல் போலக் குறுகுவதும், நாம் வகுப்பில் படித்த ஒத்ததிர்வும்தான் காரணம். காலையில் காய்ந்து கிடக்கும் மணல் மதியம் கடலாகிவிடும். ரொசிலி அருகே 'வார்ம்ஸ் ஹெட்' என்ற பாறைத் தீவுக்குத் தாழ்நீர் நேரத்துக்கு முன்னும் பின்னும் சுமார் இரண்டரை மணி நேரம்தான் நடந்து போகலாம். ஆகவே, ஓத அட்டவணையைப் பார்க்காமல் பிள்ளைகளை மணலில் இறக்காதீர்கள். மாட்டிக்கொண்டால் தண்ணீரில் இறங்கிக் கடக்கப் பார்க்காமல், மேடான இடத்தில் நின்று 999-ஐ அழைத்து 'கோஸ்ட்கார்டு' என்று கேளுங்கள். குளிப்பதானால் உயிர்காப்பாளர்கள் நட்ட சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

கடைசியாக, பலகைகளைப் படியுங்கள். எல்லாம் இரண்டு மொழியில் இருக்கும். சாலையில் 'அராஃப்' என்று எழுதியிருந்தால் மெதுவாகப் போ என்று பொருள். 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸ் மொழி பேசுவோர் சுமார் 5,38,000 பேர். பக்கத்திலேயே ஆங்கிலம் இருந்தும், போராடித் தங்கள் மொழிக்கென 1982-இல் தொலைக்காட்சி பெற்றார்கள், 2011-இல் சட்ட அந்தஸ்தும் பெற்றார்கள். கடையில் காசு கொடுத்துவிட்டு 'டியோல்க்' என்று நன்றி சொல்லிப் பாருங்கள். நம்ம ஊரில் வெள்ளைக்காரர் 'வணக்கம்' சொன்னால் நமக்கு எப்படி இருக்கும், அந்த மலர்ச்சியை அவர்கள் முகத்தில் காண்பீர்கள்.

போய்வாருங்கள், பத்திரமாகத் திரும்பி வாருங்கள். அடுத்த சந்திப்பில் உங்கள் கதையைக் கேட்கிறேன்.