ஆற்றில் இறங்கும்போது என்ன உடுத்துவது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



கார்த்திகை மாதம் நாம் போகவிருக்கும் ரிஷிகேஷ் பயணத்தைப் பற்றிப் பேசத்தான் இன்று நேரம் கேட்டேன். ரயில் டிக்கெட், தங்கும் இடம், பங்குத்தொகை எல்லாம் போன மாதமே பேசி முடித்துவிட்டோம். மூன்றாம் நாள் காலையில் கங்கையில் ரப்பர் படகில் போவதாகத் திட்டம். இதற்கு ராஃப்டிங் என்று பெயர். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல், "நீங்க போயிட்டு வாங்க மேடம், நாங்க கரையில உட்கார்ந்து பையைப் பார்த்துக்கிறோம்" என்று சொல்லியிருக்கிறீர்கள். ஏன் என்று குழு குழுவாகக் கேட்டேன். பயமா இருக்கு என்று சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். "சேலையோட எப்படி ஏறுறது? சேலை இல்லாம நாலு பேர் முன்னாடி எப்படி நிக்கிறது?" இதுதான் பலரும் கேட்ட கேள்வி.

நியாயமான கேள்வி. பயம் இருப்பவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள் ஏற வேண்டாம். கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் உடைக்காக மட்டும் யாரும் கரையில் உட்கார வேண்டாம். அதே சமயம் சேலையோடு ஏறவும் கூடாது. இந்த இரண்டையும் ஏன் சொல்கிறேன் என்று பார்ப்போம்.

முதலில் ஆற்றைத் தெரிந்துகொள்வோம்

இமயமலையிலிருந்து வரும் பாகீரதியும் அலக்நந்தாவும் தேவப்பிரயாகை என்ற ஊரில் ஒன்று சேர்கின்றன. அங்கிருந்துதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். பனி உருகி வருகிற தண்ணீர். நம்மூர்க் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருக்காது, சில்லென்று எலும்பு வரை குளிரும். ரிஷிகேஷுக்கு மேலே பாறைகளுக்கு நடுவே ஆறு சரிந்து இறங்குகிற இடங்களில் தண்ணீர் நுரைத்துக் கொந்தளிக்கும். இப்படிப்பட்ட இடங்களை ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஒன்று என்றால் லேசானது. ஆறு என்றால் மிகக் கடினமானது. சிவபுரி என்ற இடத்திலிருந்து ரிஷிகேஷ் வரை சுமார் 16 கிலோமீட்டர் போகிறவர்கள் நிறைய. நாம் அதைவிடச் சின்னதான, பிரம்மபுரியிலிருந்து கிளம்பும் பாதையைக் கேட்டிருக்கிறோம். மழைக்காலமான ஜூலை, ஆகஸ்டில் ஆறு பெருகி ஓடும் என்பதால் படகு விட மாட்டார்கள். நாம் போகும்போது வெள்ளம் இருக்காது, குளிர் இருக்கும்.

இந்தப் படகில் பெஞ்சு கிடையாது. காற்றடைத்த ஓரத்தின் மேலேயே உட்கார்ந்து, பாதத்தை உள்ளே அழுத்திக்கொண்டு, ஆளுக்கொரு துடுப்பு போட வேண்டும். முதல் அலையிலேயே தலையோடு நனைந்துவிடுவோம். எப்போதாவது ஒருவர் தண்ணீரில் விழுவதும் நடக்கும். அதனால் படகில் உட்காருவதற்கு எந்த உடை சரி என்று யோசிக்காதீர்கள். தண்ணீரில் விழுந்தால் எந்த உடை நம்மைக் காப்பாற்றும் என்று யோசியுங்கள்.

சேலை ஏன் கூடாது?

சேலை ஐந்தரை மீட்டர் துணி. உள்ளே பாவாடை வேறு. ஓடுகிற தண்ணீரில் அது காலைச் சுற்றிக்கொள்ளும், காலை உதைத்து நீந்த விடாது. முந்தானை பாறையிலோ கயிற்றிலோ மாட்டினால் ஆள் அங்கேயே சிக்கிக்கொள்வார். மறுபடி படகில் ஏற்றும்போது நனைந்த துணியின் கனமும் சேர்ந்துகொள்ளும். 2004 டிசம்பர் 26 சுனாமியை நாம் யாரும் மறக்கவில்லை. நம் கடலூர், நாகப்பட்டினம் கரைகளில் பெண்கள் அவ்வளவு பேர் இறந்ததற்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது, நீச்சல் தெரியாதது என்று பல காரணங்கள். காலைச் சுற்றிய சேலையும் அதில் ஒன்று என்று தப்பித்தவர்களே சொன்னார்கள்.

நைட்டி, பாவாடை தாவணி, துப்பட்டா போட்ட சுடிதார் எல்லாவற்றுக்கும் இதேதான். சுற்றுவது, தொங்குவது, முடிச்சுப் போடுவது எதுவும் தண்ணீருக்கு ஆகாது.

அப்படியானால் எதைப் போடுவது?

கீழே ட்ராக் பேண்ட். பிள்ளைகள் பள்ளிக்கூட விளையாட்டுக்குப் போடுகிறார்களே, அந்த வழவழப்பான பாலியஸ்டர் துணி. இடுப்பு எலாஸ்டிக்கோடு நாடாவும் இருந்தால் நல்லது, தண்ணீர் வேகத்தில் நழுவாது. மேலே அதே வகைத் துணியில் முழுக்கை டி-சர்ட். இடுப்புக்குக் கீழே தொடை வரை வந்தாலும் பரவாயில்லை, ஆனால் தொளதொளவென்று இருக்கக் கூடாது.

பருத்தி வேண்டாம். வெயிலுக்குப் பருத்தி மாதிரி வராது, உண்மைதான். ஆனால் அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, காற்று பட்டதும் உடம்பை நடுங்க வைக்கும். சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பாருங்கள். ஒரு பருத்தித் துணியையும் ஒரு ட்ராக் பேண்டையும் நனைத்துப் பிழிந்து நிழலில் போடுங்கள். எது முதலில் காய்கிறதோ அதுதான் நமக்கு வேண்டிய துணி. கடையில் விற்கும் லெகிங்ஸும் பெரும்பாலும் பருத்தி கலந்ததுதான், பார்த்து வாங்குங்கள்.

நிறம் அடர்த்தியாக இருக்கட்டும். கருநீலம், கருப்பு, மெரூன் எதுவானாலும் சரி. வெள்ளை, வெளிர் நிறம் நனைந்தால் உடம்பு தெரியும். உள்ளாடை இறுக்கமாக, பட்டை அகலமாக இருப்பதைப் போடுங்கள். குளிர் காலத்தில் வெட்சூட் என்று ரப்பர் மாதிரி ஒரு உடையைப் படகுக்காரர்கள் வைத்திருப்பார்கள். கேட்டு வாங்கி மேலே போட்டுக்கொள்ளலாம். குளிரும் தாங்கும், உடம்பையும் மூடும்.

இந்த ஜாக்கெட்டுக்கும் அளவு பார்க்க வேண்டும்

நாம் ஜாக்கெட் என்றால் ரவிக்கையைச் சொல்வோம். அங்கே லைஃப் ஜாக்கெட் என்று மிதவை அங்கி தருவார்கள். ரவிக்கை தைக்கக் கொடுத்தால் தோள், மார்பு, கை என்று எத்தனை அளவு பார்க்கிறோம்! உயிரைக் காக்கிற இந்த ஜாக்கெட்டை மட்டும் கையில் கொடுத்ததை மாட்டிக்கொண்டு வந்தால் எப்படி?

எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, பட்டைகளை இழுத்து இறுக்குங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவர் உங்கள் தோள்பட்டையில் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும். அது முகவாய் வரை, காது வரை ஏறினால் தளர்வு. இன்னும் இறுக்குங்கள், இல்லாவிட்டால் வேறு அளவு கேளுங்கள். விழுந்தவரை அந்தத் தோள்பட்டையைப் பிடித்துத்தான் படகுக்குள் இழுப்பார்கள். தளர்வாக இருந்தால் ஜாக்கெட் மட்டும் கையோடு வரும். மூச்சு முட்டுது என்று நடுவழியில் கொக்கியைக் கழற்றக் கூடாது. அதன் மேல் சால்வை, துண்டு எதுவும் போர்த்தக் கூடாது.

இது ரிஷிகேஷுக்கு மட்டும் இல்லை. ஒகேனக்கலில் பரிசல் ஏறினாலும், ஏரியில் படகு ஏறினாலும் இதேதான். 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். பயணிகள் மிதவை அங்கி போட்டிருக்கவில்லை. ஜாக்கெட் தராத படகில் ஏற மாட்டோம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

தலை, நகை, கால்

தலைக்கு ஹெல்மெட் தருவார்கள். உச்சிக் கொண்டை போட்டால் அது தலையில் உட்காராது. தாழப் பின்னி, பின்னலைச் சட்டைக்குள் விட்டுவிடுங்கள். பூ, ஹேர்பின், கிளிப் வேண்டாம். ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும், தாடைப் பட்டையைப் பூட்ட வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் அதில் ஒரு கயிறு கட்டித் தலைக்குப் பின்னால் முடிந்துகொள்ளுங்கள்.

கண்ணாடி வளையல் உடைந்தால் கையைக் கிழிக்கும். மோதிரம் கயிற்றில் மாட்டினால் விரல் போய்விடும். ஜிமிக்கி ஹெல்மெட் பட்டையில் மாட்டும். இவற்றை அறையிலேயே வைத்துவிடுங்கள். தாலியைக் கழற்று என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அது அவரவர் முடிவு. கழற்றாதவர்கள் அதைச் சட்டைக்கு உள்ளே விட்டு, மேலே ஜாக்கெட்டை இறுக்கிவிட்டால் வெளியே வராது. தங்கச் சங்கிலிக்குப் பதில் மஞ்சள் கயிற்றில் கோத்து வருவதும் நம் வழக்கம்தானே? ஆற்றில் விழுந்த தங்கம் திரும்பக் கிடைக்காது.

ரப்பர் செருப்பு முதல் அலையிலேயே போய்விடும். வெறுங்காலைப் பாறை கிழிக்கும். குதிகாலில் பட்டை வைத்த செருப்போ, பழைய கேன்வாஸ் ஷூவோ போடுங்கள். ஷூ நாடாவின் நுனியை உள்ளே செருகிவிடுங்கள். தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலாதீர்கள், பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து படுத்து, காலைத் தண்ணீர் போகிற திசையில் நீட்டி, பாதத்தை மேலே வையுங்கள். மீதியை ஜாக்கெட் பார்த்துக்கொள்ளும்.

நமக்குள் பேச வேண்டியது

மாதவிலக்கு நாளாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு தங்கை தனியாக வந்து கேட்டார். எல்லோருக்கும் பொதுவான விஷயம், அதனால் சபையிலேயே சொல்கிறேன். நாப்கினும் துணியும் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும், பயன்படாது. மாதவிடாய்க் கப் ஏற்கெனவே பழகியவர்கள் அதை வைத்துக்கொண்டு வரலாம். அன்றைக்கு முதல் முறையாக முயல வேண்டாம். மற்றவர்கள் கரையில் இருந்துகொள்ளலாம். கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் ஏறக் கூடாது.

உடை மாற்ற இடம் இருக்கிறதா என்று ஏற்பாட்டாளரிடம் முன்பே கேட்கிறோம். இல்லாவிட்டாலும் கவலை இல்லை. ஆற்றங்கரையில் பாவாடையைப் பல்லில் கடித்துக்கொண்டு உடை மாற்றத் தெரியாதவர் நம்மில் யார்? மாற்றுடை, துண்டு, ஒரு ஸ்வெட்டர் மூன்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வேனில் வைத்துவிடுங்கள். கரை ஏறியதும் ஈர உடையோடு நின்று பேசிக்கொண்டிருக்காமல் உடனே மாற்றுங்கள்.

கடைசியாக, நாலு பேர் என்ன சொல்வார்கள்? நாற்று நடும்போது சேலையைத் தூக்கிச் செருகி, மேலே வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொள்கிறோம். நூறு நாள் வேலைக்கும் அப்படித்தான் போகிறோம். ஆம்பளைச் சட்டை போட்டுட்டாளே என்று ஊரில் யாராவது சொன்னார்களா? வெயிலுக்கும் சேற்றுக்கும் அது வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீருக்கு இது வேண்டும், அவ்வளவுதான். முழுக்கை, முழுக்கால், மேலே ஜாக்கெட், தலையில் ஹெல்மெட். சேலையில் தெரிகிற இடுப்புகூட இதில் தெரியாது. வீட்டில் கேட்டால் இதையே சொல்லுங்கள். மாமியாருக்குச் சந்தேகம் என்றால் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள், நானே பேசுகிறேன்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர்கள் இதைப் படித்துக் காட்டி, யார் ஏறுகிறார்கள், யார் கரையில் இருக்கிறார்கள் என்று மறுபடி கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதி அனுப்புங்கள். புதிதாக வாங்க யாரும் கடன் எடுக்க வேண்டாம். மகள், மருமகளிடம் இருப்பதே போதும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அந்த உடையை ஒரு பையில் கொண்டுவாருங்கள். துணி சரியா, செருப்பு சரியா என்று எல்லோரும் சேர்ந்தே பார்த்துவிடுவோம்.