கேள்வி கேட்க வருகிறவர்களிடம் நாமும் கேட்போம்
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



மனசு எப்படி வேலை செய்யுது என்று படிக்கிற படிப்புக்கு உளவியல் என்று பேர். நம் நாட்டில் 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனித் துறை தொடங்கினார்கள். இந்தத் துறை மாணவர்கள் தங்கள் ஆய்வைப் பெரிய தாளில் அச்சடித்து, கண்காட்சி போல மாட்டி விளக்குவதும் உண்டு.

அந்தத் தாளில் வரும் எண்கள் எங்கிருந்து வருது? தூக்கம் வருதா, கடன் கவலை உண்டா, வீட்டில் அடி உண்டா என்று கேட்டால், நம்மைப் போன்ற பெண்கள் சொல்கிற பதிலில் இருந்துதான். அந்தப் பதில் ஊருக்குள் கசிந்தால் நம் நிலைமை என்ன?

உடல்நலம், மனநலம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் நெறிமுறை வெளியிட்டது. அதன்படி,

* எதற்காக ஆய்வு என்று நமக்குப் புரிகிற மொழியில் சொல்லணும்.
* சம்மதம் கேட்கணும். கைநாட்டு வைப்பவருக்கு, ஆய்வில் சம்பந்தப்படாத, படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் கூட இருக்கணும்.
* நம்ம விவரத்தை ரகசியமாக வைக்கணும்.
* பாதியில் வேண்டாம் என்றாலும் விலகிக்கலாம்.

தலைவி சொன்னாங்க, மறுத்தால் லோன் கிடைக்காது என்று பயந்து யாரும் சம்மதிக்க வேண்டாம். தலைவிகளும் கட்டாயப்படுத்தக் கூடாது.

அதற்காகப் படிக்கிற பிள்ளைகளை விரட்டவும் வேண்டாம். நாம் சொன்னால்தான் நம்ம கஷ்டம் வெளியே தெரியும். ஆனால், "கண்காட்சியில் சொல்கிற முடிவை எங்க கூட்டத்திலும் வந்து சொல்லுங்க" என்று முதலிலேயே கேட்டு வாங்குவோம். பாஸ்புக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கணக்கு கேட்கிற நாம், இதற்கும் கணக்கு கேட்போம்.