44 வயதில் ஒரு கோல்கீப்பர்



"குடும்பப் பொறுப்பு வந்த பிறகு பெண்ணின் திறமை மலர்கிறதா, மறைகிறதா?" மலர்கிறது என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி அண்ணாச்சி சொன்னாரு, ஒரு பிள்ளை பிறந்துட்டா ஆட்டமும் பாட்டும் பரண்மேல போயிரும்னு. அண்ணாச்சி, பரணுக்கு ஏணி போட்டு ஏத்தி வச்சது யாரு? அதைச் சொல்லாமலே உட்கார்ந்துட்டீங்களே! (கைதட்டல்)

நார்வே நாட்டுல கிறிஸ்டியான்சாண்ட்னு ஒரு கடற்கரை ஊரு. 1980-ல் அங்கே இரட்டைப் பெண் குழந்தைகள்ல ஒண்ணாப் பிறந்தவங்க காத்ரீன் லுண்டே. ஹேண்ட்பால் கோல்கீப்பர். கைப்பந்துன்னு சொல்லலாம்னு பார்த்தா, அந்தப் பேரை நம்ம ஊர்ல வாலிபால் எடுத்துக்கிட்டுது. நடுவர் மன்னிக்கணும்.

அந்தக் கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். எறியுறவங்க 6 மீட்டர் கோட்டுக்கு வெளியே இருந்து எகிறிக் குதிச்சு, கோலுக்குப் பக்கத்துலயே வந்து விட்டெறிவாங்க. காப்பாத்த நிக்கிற பொம்பளைக்குக் கையுறை கிடையாது, காலுக்குக் கட்டையும் கிடையாது. பத்துப் பந்து வந்தா, மூணு நாலு தடுத்தாலே சபாஷ்! மீதி உள்ளே போகும். போனதை மறந்துட்டு அடுத்ததுக்கு நிக்கணும். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சா துடைச்சுட்டு அடுத்த வேலையப் பார்க்கிற நம்ம வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கணுமா? (சிரிப்பு)

2008 பெய்ஜிங், 2012 லண்டன், ரெண்டு ஒலிம்பிக்லயும் தங்கம். பெய்ஜிங்ல கூடப் பிறந்த கிறிஸ்டினும் அதே அணியில. 2015-ல் லுண்டேக்குப் பெண் குழந்தை பிறந்தது. நம்ம வீடா இருந்தா, "போதும் மக்களே, பிள்ளையப் பாரு"ன்னு கதையை முடிச்சிருப்போம். அந்த அம்மா அடுத்த வருஷமே ரியோ ஒலிம்பிக்ல நின்னாங்க. அரையிறுதியில ரஷ்யாகிட்ட ஒரே ஒரு கோல்ல தோத்து வெண்கலம். டோக்கியோவிலும் அரையிறுதியில ஒரே கோல்ல தோல்வி, மறுபடி வெண்கலம். வீட்டுக்குப் போயிருக்கலாம். போகலை. 2021-ல் உலகக் கோப்பை. சொந்த ஊரு வைப்பர்ஸ் கிளப்புக்கு 2021, 2022, 2023 மூணு வருஷமும் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக். 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில பிரான்ஸை அவங்க மண்ணுலயே 29–21ன்னு ஜெயிச்சுத் தங்கம். அப்போ வயசு 44!

கோல்கீப்பருக்குக் காலைவிடக் கண்ணுதான் மூலதனம். எறியுறவங்க தோள் எப்படித் திரும்புது, மணிக்கட்டு எப்போ மடியுதுன்னு படிக்கணும். அந்தப் படிப்பு வயசு ஏற ஏறத்தான் கூடும்.

"அது வெள்ளைக்கார நாடு"ன்னு அண்ணாச்சி முணுமுணுக்கிறது கேக்குது. சரி, அரியானா வாங்க. சிர்சா மாவட்டம், ஜோத்கான் கிராமம். ஹாக்கி கோல்கீப்பர் சவிதா புனியா. அம்மாவுக்கு உடம்பு முடியாம, சின்ன வயசுலயே வீட்டு வேலையச் சுமந்த பிள்ளை. கோல்கீப்பர் மூட்டையோட பஸ் ஏறினா பெரும்பாடு. தாத்தாதான் விடாம ஆடச் சொன்னவரு. 2021-ல் டோக்கியோ காலிறுதியில ஆஸ்திரேலியாவை ஒரு கோல்கூட அடிக்க விடலை, 1–0! 2023 ஏப்ரல்ல கல்யாணம். அதே வருஷம் ஹாங்சோ ஆசியப் போட்டியில கேப்டனா நின்னு வெண்கலம், ராஞ்சியில ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை.

நான் நாகர்கோவில்காரி. எங்க நாஞ்சில் நாட்டுல காரணவர்மார் செஞ்ச கூத்தைக் கவிமணி மருமக்கள்வழி மான்மியத்துல பாடி வச்சிருக்காரு. சவிதாவுக்கு வாய்ச்ச காரணவர் வேற மாதிரி. எங்க ஊர்ல அண்ணா விளையாட்டரங்கத்துல எத்தனையோ பொம்பளைப் பிள்ளைய ஓடுது. பத்தாம் வகுப்பு தாண்டினா, "வெயில்ல கறுத்துட்டா எத்தனை பவுன் கூடக் கேப்பானோ"ன்னு நிறுத்திருதோம். குடும்பப் பொறுப்பு வந்து அவ திறமை மறைஞ்சுதா, நடுவர் அவர்களே? பொறுப்பு வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடியே நாம மறைச்சாச்சே!

எதிரணி காட்டின சாட்சி எல்லாம் இப்படிப் பரண்ல ஏத்தப்பட்டவங்கதான். அவங்களை எங்க அணிக்கணக்குல சேர்த்துத் தீர்ப்பு சொல்லும்படி கேட்டு அமர்கிறேன்.