ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது?



மெக்சிகோவில் வேலை என்றதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி பாதுகாப்பு. அடுத்தது சாப்பாடு. மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை: அங்கே சனி, ஞாயிறு எப்படிப் போகும்? வேலை நாள் எந்த ஊரிலும் ஓடிவிடும். தனிமை வந்து பிடிப்பது விடுமுறை நாளில்தான்.

குவாதலஹாரா நகரத்தை எடுத்துக்கொள்வோம். ஹலிஸ்கோ மாநிலத்தின் தலைநகரம். மின்னியல் தொழிற்சாலைகளும் மென்பொருள் நிறுவனங்களும் நிறைந்த ஊர்; இந்திய நிறுவனங்களும் அங்கே அலுவலகம் வைத்திருக்கின்றன. மலேசிய நேரம் அந்நகருக்கு 14 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சிக்கலே இங்குதான். அங்கே சனிக்கிழமை மாலை ஆறு மணி என்றால், கிள்ளானில் ஞாயிறு காலை எட்டு. அம்மா பசியாறிவிட்டுக் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுவார். அண்ணன், அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று பேச்சு மூன்று மணி நேரம் நீளும். அந்த நேரத்தில்தான் அந்த ஊரே வெளியில் இருக்கும். சதுக்கத்தில் பலூன்காரர், சோளம் விற்பவர், மரியாச்சி இசைக்குழு, பேரப்பிள்ளைகளோடு தாத்தா பாட்டி. உடன் வேலை செய்பவர் அழைத்திருப்பார். "இன்றைக்கு முடியாது, வீட்டுக்குப் பேச வேண்டும்" என்று நான்கு வாரம் சொன்னால் ஐந்தாவது வாரம் அவர் அழைக்க மாட்டார்.

அம்மாவைக் குறை சொல்ல முடியுமா? வாரம் முழுக்கக் காத்திருந்தவர் அவர்.

நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். அங்கே ஞாயிறு காலை ஏழு மணி, இங்கே ஞாயிறு இரவு ஒன்பது. அப்போது பேசிவிட்டு எட்டு மணிக்குத் தெருவில் இறங்கலாம். 'வியா ரெக்ரியாக்டீவா' என்று 2004-இல் தொடங்கிய ஏற்பாடு ஒன்று உண்டு. ஞாயிறு காலை 8 முதல் பிற்பகல் 2 வரை முக்கியச் சாலைகள் சிலவற்றில் வாகனங்களுக்கு இடமில்லை. சைக்கிள் ஓட்டலாம், நடக்கலாம், நாயை உலாத்தலாம். காசும் வேண்டாம், ஸ்பானிய மொழியும் வேண்டாம். புதிதாகப் போனவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

பிறகு தூரம் போகலாம். 2020-இல் திறந்த மூன்றாவது ரயில் பாதை, மண்பாண்டத்திற்கும் கைவினைக்கும் பேர்போன திலாக்கேபாக்கேவுக்குக் கொண்டுபோய் விடுகிறது. தெற்கே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் சப்பாலா, மெக்சிகோவின் மிகப் பெரிய ஏரி. கரையோரக் கடைகளில் 'சராலெஸ்' என்ற பொடிமீனைப் பொரித்து, எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்துத் தருவார்கள். நெத்திலி தின்று வளர்ந்த நாக்குக்கு வேறென்ன வேண்டும்! புளிக்கும் பஞ்சமில்லை. குடிக்கப் புளித்தண்ணீர், கொறிக்க மிளகாய் தடவிய புளி மிட்டாய். மிளகாய் நம் பக்கம் வந்ததே அந்த மண்ணிலிருந்துதானே!

சைவம் சாப்பிடுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் விசாரித்துக்கொள்ள வேண்டும். அவரையை மசித்துத் தரும் கறியில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அங்கே வழக்கம்.

இரவில் வெளியூர்ப் பயணம் வேண்டாம், பகலிலேயே திரும்பிவிடுங்கள் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள். கேட்டுக்கொள்வது நல்லது.

உணவுக்கடையில் பக்கத்து மேசையைக் கடக்கும்போது 'புரோவெச்சோ' என்பார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று பொருள், முன்பின் தெரியாதவருக்கும். அதைத் தயங்காமல் சொல்லப் பழகியவரை அலுவலக நண்பர் வீட்டு ஞாயிறு விருந்துக்கு அழைப்பார். சாப்பாடு பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான். தட்டைக் கழுவியதும் கிளம்பிவிடக் கூடாது. பேச்சு அதன் பிறகுதான் தொடங்குகிறது.

அங்கே எடுத்த படங்களை மாலை ஐந்து மணிக்கு அனுப்பினால் இங்கே திங்கள் காலை ஏழு. பசியாறும்போது அம்மா பார்த்துக்கொள்வார்.