வீட்டுப் பாரம் யார் தோளில்?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இன்று பரிசு பெற்ற பிள்ளைகளைக் கைதட்டி வாழ்த்தினோம். இவர்களை விடியற்காலையில் எழுப்பி, சட்டை தேய்த்து, சாப்பாடு கட்டி அனுப்பியது யார்? பெரும்பாலான வீடுகளில் அம்மாதான். அந்த அம்மாவைப் பற்றிச் சில வார்த்தை பேச விரும்புகிறேன்.

"பொம்பளைங்க வேலைக்குப் போறதாலதான் குடும்பம் கெட்டுப் போச்சு" என்று சிலர் சொல்கிறார்கள். நம் வரலாறு தெரியாத பேச்சு இது. தோட்டப்புறப் பெண்கள் என்றைக்கு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்? கங்காணி காலத்திலேயே பால்மரம் சீவினார்கள், புல் வெட்டினார்கள். 1920களின் பிற்பகுதியில், போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் அரசு நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கூலிதான் குறைவு.

என் தாயார் நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, என்னை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவார். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் மறுபடி அடுப்பு, துணி, தண்ணீர். அப்பாவும் வெயிலில் பாடுபட்டவர்தான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவர் வேலை முடிந்தது, அம்மாவுக்கு முடியவில்லை.

ஆனாலும் அன்று அம்மாவுக்குத் துணை இருந்தது. பக்கத்து லயத்தில் பாட்டி, எதிர்வீட்டில் சின்னம்மா. ஒரு பிள்ளைக்கு நாலு பேர் சோறு ஊட்டுவார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. புக்கிட் ரோத்தான், கோலசிலாங்கூர் வட்டாரத்துக் குடும்பங்கள் பல தாமான்களுக்கும், கிள்ளான், ஷா ஆலம் பக்கமும் குடிபெயர்ந்தன. பாட்டி ஓரிடம், பேரன் ஓரிடம். துணை போய்விட்டது, வேலை போகவில்லை.

சட்டமும் மாறியிருக்கிறது. 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதோருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது அதன்பின் சட்டமாயிற்று. திருமணப் பதிவும் கட்டாயமாயிற்று. 1999-இல் வந்த திருத்தம், பிள்ளையின் பாதுகாவலர் என்ற உரிமையைத் தந்தைக்குச் சமமாகத் தாய்க்கும் கொடுத்தது. உரிமை சமம் என்றால் பொறுப்பும் சமம்தானே, அப்பாமார்களே?

நானும் தப்புச் செய்தவன்தான். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகளைத் தம்பிக்கு மைலோ கலக்கச் சொன்னேன். "ஏம்பா, அவனுக்குக் கை இல்லையா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. மறுநாளிலிருந்து அவனே கலக்கிக் குடிக்கிறான். சீனிதான் கொஞ்சம் கூடுதல்!

மாணவத் தம்பிகளே, சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவுங்கள். பெற்றோர்களே, படிக்கிற மகளை மட்டும் எழுப்பி வீடு கூட்டச் சொல்லாதீர்கள். அடுத்த தவணை ரிப்போர்ட் புத்தகம் வாங்க அப்பாமார்களும் வாங்க. உங்கள் கையெழுத்து மட்டும் போதாது. பிள்ளைக்குப் பக்கத்தில் நீங்கள் உட்காரவும் வேண்டும்.