கல்வி உதவி நிதி: வருமானமும் சேமிப்பும்

(ஆலயத் திருமண மண்டபத்தில் நடைபெற்ற கல்வி உதவி நிதி வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



தலைவர் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் பேசிப் பழகியவனுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்பது இங்கே அமர்ந்திருக்கும் என் பழைய மாணவர்களுக்குத் தெரியும். ஆகவே நேரே விஷயத்திற்கு வருகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நமது உதவி நிதி நேர்காணலுக்கு ஒரு தாய் வந்திருந்தார். மகனுக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அவர் கொடுத்த தாள்களில் வங்கிக் கணக்கும் இருந்தது. 6,400 வெள்ளி. மாதம் ஐம்பது, நாற்பது என்று பல ஆண்டுகளாகச் சேர்த்த பணம். நான்தான் கேட்டேன்: "இவ்வளவு சேமித்து வைத்திருக்கிறீர்களே அம்மா, பிறகு எதற்கு இங்கே வந்தீர்கள்?" அவர் பதில் சொல்லவில்லை. தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவ்வாண்டுப் பட்டியலில் அந்தப் பையனின் பெயர் இல்லை.

சென்ற ஆண்டு வேறொரு தாய் வந்தார். வங்கியில் பதினெட்டு வெள்ளி. கழுத்தில் புதுச் சங்கிலி. நான் எதுவும் கேட்பதற்கு முன் அவரே சொல்லிவிட்டார்: "சார், பேங்கில பணம் இருந்தா கோயில்ல கொடுக்க மாட்டாங்கன்னு எங்க புளோக்குல சொன்னாங்க. அதான் எடுத்துத் தேக்காவில சங்கிலியா வாங்கிட்டேன்." மகள் பெயரில் இருந்த சிறு கணக்கையும் மூடியிருந்தார். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர், பிள்ளை பெயரில் பணம் இருந்தால் கல்லூரி உதவி கிடைக்காது என்று தொலைபேசியில் சொன்னாராம். இரண்டு மாதம் கழித்து மடிக்கணினி வாங்க அதே சங்கிலியை விற்றார்கள். செய்கூலியும் சேதாரமும் போனது போனதுதான்.

அந்தப் புளோக்கில் அப்படிப் பேச்சு கிளம்பியதற்கு யார் காரணம் என்று எனக்குத் தெரியும்.

அமெரிக்க உறவினர் சொன்னதில் உண்மை உண்டு; ஆனால் அது அந்நாட்டுக் கணக்கு. அங்கே கூட்டரசு அரசாங்க உதவிக்கு வருமானத்தோடு சேமிப்பையும் பார்க்கிறார்கள். பெற்றோர் சேமிப்பில் அதிகபட்சம் 5.64 விழுக்காடும், மாணவர் பெயரில் உள்ள பணத்தில் 20 விழுக்காடும் படிப்புக்குக் கொடுக்கக் கூடியவை என்று எடுத்துக்கொள்கிறார்கள். குடியிருக்கும் வீட்டையும் ஓய்வுக்கால நிதியையும் கணக்கில் சேர்ப்பதில்லை. நியூ ஜெர்சிக்குப் பொருந்துவதை ஈசூனுக்குக் கொண்டுவந்ததுதான் பிழை.

நம் சிங்கப்பூரில் அரசாங்கக் கல்வி உதவி நிதிக்கு அடிப்படை, குடும்பத்தின் மொத்த மாத வருமானத்தை வீட்டில் உள்ள தலைகளால் வகுத்து வரும் தொகை. வங்கியில் உள்ள சேமிப்பு அந்த வகுத்தலில் வருவதில்லை. தொடக்கப்பள்ளிக் கணக்குதான். ஆனால் அதிலும் பெற்றோர்கள் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள்.

ஒன்று, வருமானம். கைக்கு வருவதை எழுதுகிறார்கள். கேட்பது மொத்தச் சம்பளம். மத்திய சேமநிதிக்குப் பிடிப்பதற்கு முன் உள்ள தொகை. 2,600 வெள்ளிச் சம்பளக்காரர் ஐம்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவரானால் 20 விழுக்காடு சேமநிதிக்குப் போய்க் கையில் சுமார் 2,080 வரும். படிவத்தில் 2,080, சம்பளச் சீட்டில் 2,600 என்றிருந்தால் படிவம் திரும்பி வரும், தேதி கடந்துவிடும். (அதே சீட்டில் சிண்டாவுக்கு என்று சில வெள்ளி பிடித்திருப்பார்கள். 1991இல் தொடங்கிய அந்த அமைப்பும் நம் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தருகிறது. மாதாமாதம் கொடுப்பவர்களே அதை விசாரிக்காமல் இருக்கிறார்கள்.)

இரண்டாவது, தலைகள். சங்கிலி வாங்கிய அந்தத் தாயின் படிவத்தையே சொல்கிறேன். தந்தை 2,600, தாய் 1,200, மொத்தம் 3,800. பெற்றோர், மூன்று பிள்ளைகள், ஆக ஐந்து பேர் என்று எழுதியிருந்தார். தலைக்கு 760 வெள்ளி. "வீட்டில் வேறு யாரும் இல்லையா?" என்றேன். "மாமியார் இருக்காங்க சார். அவங்களுக்குத்தான் வருமானமே இல்லையே, எதுக்கு எழுதணும்னு விட்டுட்டேன்" என்றார். வருமானம் இல்லாதவரைத்தான் அம்மா முதலில் எழுத வேண்டும்! அதே முகவரியில் வாழும் பாட்டியைச் சேர்த்தால் ஆறு பேர். தலைக்கு 633 வெள்ளி. தலைக்கு வரும் தொகை குறையக் குறைய உதவி கூடும். பாட்டியின் அடையாள அட்டை நகலை இணைத்ததோடு சரி, வேறொன்றும் செய்யவில்லை. அதேபோல், உடன் வசிக்கும் மூத்த மகன் வேலைக்குப் போனால் அவன் சம்பளமும் மொத்தத்தில் சேரும். அதை மறைக்கக் கூடாது.

இந்த உதவியைச் சிறிது என்று எண்ண வேண்டாம். 2019ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணியில் பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தபடி 2020 முதல், மிகக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பட்டயப் படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 வெள்ளியிலிருந்து 150க்கும், பல்கலைக்கழகப் பொதுப் பட்டப்படிப்புக் கட்டணம் 3,900லிருந்து 2,000க்கும் இறங்கின.

சேமநிதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தந்தையின் சாதாரணக் கணக்கிலிருந்து, சேர்ந்த தொகையில் 40 விழுக்காடு வரை எடுத்துக் கட்டணம் கட்டலாம். பல வீடுகளில் இதை அப்பா கொடுத்த பணம் என்றே நினைக்கிறார்கள். அது கடன். படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பின் தொடங்கி, அதிகபட்சம் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் வட்டியோடு பிள்ளை திருப்பிக் கட்ட வேண்டும். அப்பாவின் முதுமைக்காக இருக்கும் பணம் அது. முதலில் உதவி நிதிக்கு விண்ணப்பியுங்கள். பிறகு எஞ்சியதற்கு மட்டும் சேமநிதியைத் தொடுங்கள்.

நன்கொடையாளர்கள் கவனத்திற்கு: நமது படிவத்திலிருந்து வங்கிக் கணக்கு கேட்கும் வரியை இவ்வாண்டு நீக்கியிருக்கிறோம். குழுவில் ஒருமனதாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். "வசதியுள்ளவர்கள் புகுந்துவிட மாட்டார்களா? உண்டியல் பணமாயிற்றே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சம்பளச் சீட்டு இல்லாதவர்களிடம், அதாவது டாக்சி ஓட்டுபவர்கள், சொந்தமாகக் கடை வைத்திருப்பவர்களிடம், வருமான வரித் தாளைக் கேட்பது என்று முடிவு செய்தோம். நண்பருக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. ஓராண்டு பார்ப்போம் என்றார்.

அந்த முதல் தாயைத் தேடி அவர் வீட்டுக்குப் போனேன். பையன் ஓராண்டு பொருள் விநியோக வேலை பார்த்துவிட்டுக் கல்லூரிக்குச் சென்றிருக்கிறான். காப்பி கொடுத்தார். படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். இதுவரை அது திரும்பி வரவில்லை.

விண்ணப்பப் படிவங்கள் ஆலய அலுவலகத்தில் இருக்கின்றன. சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் பிறகு நான் இந்த மண்டபத்தில்தான் இருப்பேன். வேலைக்குப் போகும் ஒவ்வொருவரின் சம்பளச் சீட்டையும், வீட்டில் உள்ள எல்லோருடைய அடையாள அட்டை நகலையும் கொண்டுவாருங்கள். பாட்டியினுடையதை மறக்க வேண்டாம்.