வத்தகப்பழமும் வரண்ட காற்றும்



பதுளையிலிருந்து எல்ல வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும் பாதையை உங்களிற் பலர் அறிவீர்கள். மலையின் மடிப்புகளிலே வளைந்து வளைந்து இறங்கும்போது தேயிலை மெல்ல மறைந்து, காற்றிலே குளிர் குறைந்து, ஈற்றில் வெயில் காயும் சமவெளி எதிர்ப்படும். அந்தச் சமவெளியிலே, வெல்லவாய, தணமல்வில, புத்தல ஆகிய ஊர்களைச் சூழ்ந்த வரண்ட நிலத்திலேதான் வத்தகைக் கொடி படர்கிறது. தமிழகத்தார் தர்ப்பூசணி என்று அழைப்பதும், சிங்கள நண்பர்கள் கொமடு என்று அழைப்பதும் இதே பழத்தைத்தான். நம் தோட்டங்களிலே மூன்று பெயரும் வழங்குகின்றன. எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் சந்தைக் கடைக்காரர் பழத்தைத் தட்டிப் பார்த்துத்தான் எடுத்துத் தருவார்.

ஊவா மாகாணத்துக்கு இயற்கை செய்திருக்கும் ஓர் ஏற்பாட்டை எண்ணி நான் வியப்பதுண்டு. தென்மேல் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மத்திய மலைத்தொடரின் மேற்குப் புறத்திலே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்குகிறது. ஆடி, ஆவணி மாதங்களிலே பசறையிலும் லுணுகலையிலும் வீசும் அந்த வரண்ட காற்று, மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்லும் காற்றோடு உறவுடையது. அது தேயிலைக் கொழுந்தின் ஈரத்தை உறிஞ்சி, ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தந்த மணத்தை உண்டாக்குகிறது. கொழுந்துக்கு நன்மை செய்யும் அதே காற்று, கொழுந்து பறிப்பவரின் நாவை வரளச் செய்கிறது. இந்தக் காலத்திலேயே கீழ்நாட்டு வத்தகைப் பயிர் அறுவடைக்கு வந்து, லொறிகளிலே மலையேறுகிறது.

ஆகையால் இன்று, இந்தப் பழத்தைக் கொண்டு வீட்டிலே ஒரு குளிர்ந்த பானம் செய்யும் முறையைச் சொல்ல வந்திருக்கிறேன். நகரத்துக் கடைகளிலே இதனை 'ஸ்மூதி' என்று பெயரிட்டு, உயர்ந்த கண்ணாடிக் குவளையிலே ஊற்றி, நல்ல விலைக்கு விற்கிறார்கள். பெயரைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. பழத்தின் சதையைச் சாறாகப் பிழிந்து எறியாமல், முழுவதையும் மசித்துக் கூழ்ப்பதமாகக் குடிப்பதே அதன் பொருள்.

முதலிலே பழத்தைத் தெரிதல். கொடியிலே இருக்கும்போது, காம்பருகில் உள்ள பற்றுச்சுருள் காய்ந்திருந்தால் பழம் முற்றியது என்று உழவர் அறிவர். சந்தையிலே நமக்குச் சுருள் கிடைக்காது. பழத்தைப் புரட்டி அடிப்பக்கம் பாருங்கள். மண்ணிலே கிடந்த இடம் வெளுத்திருந்தால் அது பிஞ்சிலே பறித்தது. நல்ல மஞ்சளாக இருந்தால் கொடியிலே முதிர்ந்தது. கையிலே தூக்கினால் பருமனுக்கு மிஞ்சிய கனம் இருக்கவேண்டும். தட்டிப் பார்ப்பதையும் நான் குறைகூறவில்லை. ஆனால் அந்த ஓசையைக் கேட்டுப் பழகாத காதுக்கு எல்லாப் பழமும் ஒரே குரலிலேதான் பேசும். நம் நாட்டிலே நெடுங்காலம் பயிரிடப்பட்டு வரும் 'சுகர் பேபி' என்னும் இனம் கரும்பச்சைத் தோலும் உருண்டை வடிவமும் உடையது. ஒரு சிறு குடும்பத்துக்கு அளவானது.

இந்தப் பழத்தின் பிறப்பிடம் ஆபிரிக்கா. எகிப்திய மன்னன் தூத்தன்காமனின் கல்லறையிலே இதன் விதைகள் கிடைத்தன. இன்று நாம் உண்ணும் இனிய பழத்துக்கு மிக நெருங்கிய உறவு சூடானின் கொர்தொபான் பிரதேசத்துப் பழம் என்று 2021ஆம் ஆண்டிலே வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர். சர்க்கரை 6 பங்கு. பாலைவனத்து மாந்தர் இதனைத் தண்ணீர்க்குடமாகவே போற்றியதிலே வியப்பில்லை.

இனி, வெட்டுவதற்கு முன் செய்யவேண்டியது. இங்கே சற்றே நின்று பேச அனுமதியுங்கள். ஏனெனில் இதிலே என் சொந்த அனுபவம் ஒன்று கலந்திருக்கிறது. எனக்குப் பதினான்கு வயதிருக்கும். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே எங்கள் லயம் இருந்தது. அம்மா மலைக்குப் போயிருந்த வேளையிலே உறவினர் சிலர் வந்துவிட்டார்கள். சந்தையிலிருந்து அப்பா வாங்கி வைத்திருந்த பழம் கையிலே இருந்தது. பெருமையோடு அதை வெட்டி, மசித்து, அளவு போதாமையால் பீலித் தண்ணீரை இரண்டு செம்பு கலந்து எல்லோருக்கும் கொடுத்தேன். மத்தியானம் அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு முதலிலே கேட்டது, "தண்ணியக் காய்ச்சினியா, தாயி?" என்பதுதான். நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் என் தம்பிக்கு வயிற்றோட்டம் கண்டது. கண்கள் குழிவிழுந்து, அழுவதற்கும் கண்ணீர் இல்லாத நிலையிலே, அப்பா அவனைக் கம்பளியிலே சுற்றித் தோளிலே போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். நான்கு நாட்களின் பின் அவன் பிழைத்து வந்தான். அம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அந்த மௌனத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பீலித் தண்ணீர் கண்ணுக்குப் பளிங்குபோல் இருக்கும். அது வரும் வழியிலே, மேலே உள்ள லயங்களையும், மலசலகூடங்களையும், மாட்டுக் கொட்டில்களையும் தொட்டு வருகிறதா என்பதைப் பளிங்கு சொல்லாது. வரட்சிக் காலத்திலே ஊற்றுச் சுருங்கும்போது அழுக்கின் செறிவு கூடுகிறது. ஆகவே பானத்திலே தண்ணீர் சேர்ப்பதானால், கொதிக்கக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரையே சேர்க்கவேண்டும். மலையிலே தண்ணீர் 100 பாகைக்கு முன்னரே கொதித்துவிடுமே, கிருமி சாகுமா என்று சிலர் வினவுகிறார்கள். ஹப்புத்தளையிலே அது ஏறக்குறைய 95 பாகையிலே கொதிக்கும் என்பது உண்மையே. அந்தச் சூடும் போதும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாற் சரி. தெருவிலே வாங்கும் ஐஸ் கட்டியையும் நம்பாதீர்கள். குளிர் கிருமியை உறங்க வைக்குமேயன்றிக் கொல்லாது.

தண்ணீருக்கு அடுத்தது தோல். தோலைத்தான் எறியப் போகிறோமே, அதை ஏன் கழுவவேண்டும் என்று கேட்பது இயல்பு. மண்ணிலே கிடந்து, லொறித் தட்டிலே உருண்டு வந்த பழத்தின் தோலிலே உள்ள கிருமியைக் கத்தி தன் வாயிலே ஏந்திக்கொண்டு சதைக்குள்ளே இறங்குகிறது. எலுமிச்சைபோல் புளிப்புள்ள பழமானால் கிருமி அங்கே திண்டாடும். வத்தகையிலே புளிப்பு மிகக் குறைவு. சர்க்கரையும் நீரும் நிறைய உண்டு. 2011ஆம் ஆண்டின் இறுதியிலே பிரித்தானியா, அயர்லாந்து, ஜேர்மனி ஆகிய நாடுகளிலே சல்மொனெல்லா என்னும் கிருமியால் பலர் நோயுற்றபோது, ஆராய்ந்தவர்கள் அதனை வத்தகப்பழத்தோடு தொடர்புபடுத்தினார்கள். எனவே ஓடும் நீரிலே பழத்தைத் தேய்த்துக் கழுவித் துடைத்து, கத்தியையும் பலகையையும் கையையும் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே வெட்டுங்கள். வெட்டிய பழத்தை வெளியிலே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது. பாதி பழத்துக்கு ஈ மொய்த்த துணியை மூடி மாலைக்கென்று வைக்கும் வழக்கத்தை இன்றோடு விடுவோம்.

குளிர்ப்பெட்டி இல்லாத வீடுகளிலே பழத்தைக் குளிர்விப்பது எப்படி? இங்கேதான் நம் வரண்ட காற்று கைகொடுக்கிறது. முழுப் பழத்தை ஈரச் சாக்கிலோ தடித்த பருத்தித் துணியிலோ சுற்றி, நிழலிலே, காற்று வீசும் வாசற்பக்கம் இரவு முழுவதும் வையுங்கள். துணி காயக் காயத் தண்ணீர் தெளியுங்கள். ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துச் செல்கிறது. காற்று எவ்வளவுக்கு வரண்டிருக்கிறதோ அவ்வளவுக்குக் குளிர்ச்சி அதிகம். மண்கூஜாவின் தத்துவமும் இதுவே. மழைக்காலத்திலே இந்த உபாயம் பலிக்காது.

நான்கு பேருக்கு, தோலும் விதையும் நீக்கிய சதை ஒரு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். மின்னரைப்பான் உள்ளவர்கள் சில விநாடிகள் மட்டும் சுழற்றவேண்டும். நெடுநேரம் சுழற்றினால் தப்பிக் கிடக்கும் விதைகள் உடைந்து சுவையைக் கெடுக்கும். இல்லாதவர்கள் சுத்தமான பானையிலே இட்டு மத்தினாலே கடையலாம். உண்மையைச் சொன்னால், மத்திலே கடைந்த பானத்தையே நான் விரும்புகிறேன். இடையிடையே பல்லிலே படும் சதைத் துணுக்கு அதற்கு ஓர் உயிர் தருகிறது. ஒரு சிட்டிகை உப்பு, அரைத் தேசிக்காயின் சாறு, விரும்பினால் இஞ்சிச் சாறு அரைத் தேக்கரண்டி. உப்பு பழத்தின் இனிப்பை எடுத்துக்காட்டும். சீனி வேண்டாம். ஒரு குவளைப் பழத்திலேயே மூன்று தேக்கரண்டி அளவு சர்க்கரை இருக்கிறது. பழம் சப்பென்றிருந்தால் மட்டும் சிறிது கித்துள் பாணி விடலாம்.

இது நீராகத்தான் இருக்கும். கெட்டியாக வேண்டுவோர், மூன்று பங்கு சதைக்கு ஒரு பங்கு எருமைத் தயிர் சேர்த்துக் கடையலாம். அல்லது கனிந்த கதலி வாழைப்பழம் இரண்டு மசித்துப் போடலாம். பால் சேர்ப்பதாயின் தேசிக்காயை விட்டுவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் பால் திரைந்துவிடும். ஆறிய தண்ணீரிலே ஊறவைத்த கசகசாவையும் மேலே தூவலாம். நம் நாட்டிலே கசகசா என்று கடையிலே தருவது திருநீற்றுப்பச்சையின் விதை. தமிழகத்திலே அதே பெயரில் விற்பது வேறு பொருள், அது இப்படி ஊறி வழுவழுக்காது. தமிழகத்து உறவினருக்குக் கடிதம் எழுதுவோர் இதை நினைவிற்கொள்க.

சிலருக்கு ஒரு சொல். வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு இந்தப் பானம் மருந்தன்று. அதன் சர்க்கரை ஓட்டத்தை அதிகரிக்கவும் கூடும். அப்போது வேண்டியது ஜீவனிக் கரைசலும் வைத்தியரும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் அரைக் குவளையோடு நிறுத்திக்கொள்வது நன்று. இதே பதுளை மாவட்டத்தின் கிராந்துருகோட்டைப் பக்கத்திலே, காரணம் முற்றாகத் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் பல குடும்பங்களை வாட்டுகிறது. அந்நோயுள்ளோர் இப்பழத்தை நிறைய உண்ணுமுன் வைத்தியரிடம் கேட்கவேண்டும். இதிலுள்ள பொட்டாசியத்தை அவர்களது சிறுநீரகம் வெளியேற்ற இயலாமற் போகலாம்.

பானத்தைச் செய்தவுடன் குடித்துவிடுங்கள். மலைக்குக் கொண்டுபோகப் போத்தலிலே அடைத்து வெயிலிலே வைப்பதற்கு இது ஏற்றதன்று. மலைக்குக் காய்ச்சிய தண்ணீரே சிறந்தது. கொழுந்து மடுவத்திலே நிறுத்துவிட்டு, பிள்ளைமடுவத்திலிருந்து குழந்தையையும் அழைத்துக்கொண்டு வீடு திரும்பும் தாய்க்கு, வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளை அந்த வேளையிலே கடைந்து கொடுக்கட்டும்.

மீந்த தோலை எறியாதீர்கள். மேலே உள்ள பச்சைத் தோலை மெல்லச் சீவிவிட்டால், உள்ளே வெண்மையான பகுதி நீர்ப்பூசணிக்காய்போல் இருக்கும். அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, பருப்போடு வேகவைத்து, தேங்காய்ப் பால் விட்டு, கடுகும் கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் தாளித்தால் இரவுச் சோற்றுக்குக் கறி ஆயிற்று. எங்கள் அம்மா அதிலே கொஞ்சம் மாசிக் கருவாடும் இடுவார்.